எட்டு ‘தொப்’ ஓசையும் பெஸ்லர் சக்கரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘தானே சுழலும்’ சக்கரங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ஜெர்மனியின் யோஹான் பெஸ்லர் செய்த சக்கரத்துக்கு இரண்டு பத்தி ஒதுக்கியிருந்தது. தமிழில் அதிகம் பேசப்படாத செய்தி என்பதால் அதைப் பார்த்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் சக்கரத்தின் உள்ளே எடைகள் விழும் ஓசை கேட்டது என்பதையே, அது வெளிச்சக்தி இல்லாமல் ஓடியதற்கு முடிவான சாட்சியாகக் கட்டுரை முன்வைத்தது. அந்த ஓசை அவ்வளவு சொல்லவில்லை. அதே நேரம், காது கொடுத்துக் கேட்டால் அது வேறு பல செய்திகளைச் சொல்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டவே இக்கடிதம்.

முதலில் சாட்சி என்ன சொன்னார் என்று பார்ப்போம். ஓர்ஃபிரேயஸ் என்ற புனைபெயரில் அறியப்பட்ட பெஸ்லர், 1712-ல் கேரா நகரில் முதல் சக்கரத்தைக் காட்டினார். அடுத்து டிராஷ்விட்ஸ், 1715-ல் மெர்சபுர்க், 1717-ல் காசெல் அருகே வைசென்ஸ்டைன் கோட்டை என்று ஒவ்வொரு ஊரிலும் புதிதாக ஒன்றைக் கட்டினார். கடைசிச் சக்கரத்தை 1721-ல் பார்த்தவர்களில் ஒருவர் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் யோசெஃப் இம்மானுவேல் ஃபிஷர் ஃபான் எர்லாக். லண்டனில் இருந்த இயற்பியல் அறிஞர் டெசாகுலியர்ஸுக்கு அவர் எழுதிய கடிதம்தான் ஓசை பற்றிய முக்கிய ஆதாரம். 12 அடி விட்டம், எண்ணெய்த் துணியால் மூடிய உடல், சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு 26 சுற்று, தண்ணீர் இறைக்கும் ஆர்க்கிமிடீஸ் திருகைப் பூட்டினால் 20 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ எட்டு எடைகள், சக்கரம் திரும்பும் பக்கத்தில், மென்மையாக விழும் ஓசை. இவ்வளவுதான் அவர் எழுதியது. கடிகாரத்தை வைத்துப் பலமுறை சுற்றுகளை எண்ணியவர் என்பதால் அவர் சொன்ன எண்களை அலட்சியப்படுத்த முடியாது.

அந்த எண்களை ஓசையாக மாற்றிப் பாருங்கள். 26 சுற்று, சுற்றுக்கு எட்டு என்றால் நிமிடத்துக்கு 208 மோதல். ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையே 0.29 விநாடிதான். திருகைப் பூட்டிய பிறகு 160 மோதல், இடைவெளி 0.375 விநாடி. விநாடிக்கு மூன்றுக்கு மேல் மோதல் நடக்கும்போது காதால் ஒவ்வொன்றாக எண்ணுவது கடினம். அவர் ‘எட்டு’ என்று அறுதியிடாமல் ‘ஏறத்தாழ எட்டு’ என்று எழுதியது அவருடைய நேர்மைக்கு அடையாளம். ஏழாகவும் இருந்திருக்கலாம், ஒன்பதாகவும் இருந்திருக்கலாம். கட்டுரை அந்த ‘ஏறத்தாழ’வை விட்டுவிட்டது. ‘மென்மையாக’ என்பதையும் விட்டுவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஓர் எடை பலகையில் மோதி ஓசை எழுகிறது என்றால் அங்கே ஆற்றல் செலவாகிறது என்று பொருள். விழுந்த எடையின் ஆற்றலில் மிகச் சிறு பங்கு ஒலியாகக் காதுக்கு வருகிறது. மீதி பலகையின் அதிர்விலும் வெப்பத்திலும் கரைந்துபோகிறது. அது சக்கரத்தைத் திருப்பத் திரும்ப வராது. மெர்சபுர்க் சக்கரத்தைப் பார்த்த ஜெர்மன் தத்துவ அறிஞர் கிறிஸ்டியான் வோல்ஃப், கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்த எடைகளைக் கையில் வாங்கிப் பார்த்து, ஒவ்வொன்றும் சுமார் நான்கு பவுண்டு, உருளை வடிவம் என்று மதிப்பிட்டார். காசெல் சக்கரத்திலும் அதே அளவு எடைகள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம், சுமார் 1.8 கிலோ. அது 30 சென்டிமீட்டர் விழுந்தால் 5.3 ஜூல். நிமிடத்துக்கு 208 மோதல் என்றால் சுமார் 18 வாட், இந்த மோதல்களுக்கு மட்டும். எடைகளை மறுபடி மேலே கொண்டுபோய் வைக்க, ஒவ்வொரு விநாடியும் யாரோ, எதுவோ இந்த 18 வாட்டைக் கொடுத்தாக வேண்டும். ஒரு சாதாரண ஆள் கைப்பிடியைச் சுழற்றி நீண்ட நேரம் தரக்கூடிய திறனைவிட இது குறைவு. ஆக, கேட்ட ஓசை ‘உள்ளே எடைகள் இடம் மாறின’ என்பதற்குச் சாட்சி. ‘எடைகள்தான் சக்கரத்தை ஓட்டின’ என்பதற்கு அது சாட்சி ஆகாது. பக்கத்து அறையிலிருந்து யாராவது சுற்றியிருந்தாலும் அதே எடைகள் அதே பக்கத்தில் அதே தாளத்தில்தான் விழுந்திருக்கும். பெஸ்லர் வீட்டு வேலைக்காரப் பெண் 1727-ல் கொடுத்த வாக்குமூலமும் அப்படித்தான் குற்றம் சாட்டியது. அவள் சொன்னது உண்மையா என்பது தனி வழக்கு. அந்த வழக்கில் ஓசை இரு தரப்புக்கும் உதவாது என்பதே இங்கே முக்கியம்.

ஓசை உண்மையாகவே உதவும் இடம் ஒன்று உண்டு. அதைக் கட்டுரை தொடவில்லை. சக்கரம் சுழலும்போது உள்ளே இருக்கும் எடை வெளிநோக்கித் தள்ளப்படுகிறது. 26 சுற்றில் கோணவேகம் விநாடிக்கு 2.72 ரேடியன், அதன் இருமடி 7.4. ஆறு அடி ஆரத்தில், அதாவது 1.83 மீட்டரில், வெளித்தள்ளும் முடுக்கம் 13.6. புவியீர்ப்பு 9.8 மட்டுமே. அப்படியானால் விளிம்பருகே ஆரத்தின் வழியாக நழுவும்படி விட்ட எடை, சக்கரத்தின் உச்சிக்குப் போனாலும் உள்நோக்கி விழாது. விளிம்போடு ஒட்டிக்கொண்டே சுற்றும். ஓசையே வராது. எல்லைக்கோடு 1.32 மீட்டர் ஆரம், சுமார் நாலேகால் அடி. ஃபிஷர் கேட்ட ஓசை ஆரவழி நழுவும் எடைகளிலிருந்து வந்திருந்தால், அவை அந்த எல்லைக்கு உள்ளேதான் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவை ஆரவழி அல்லாமல் வேறு விதமாக, கீலிலோ நெம்புகோலிலோ அசைந்திருக்க வேண்டும். மெர்சபுர்க் சக்கரம் நிமிடத்துக்கு 40-க்கு மேல் சுற்றியதாகச் சான்று உண்டு. அங்கே எல்லை இன்னும் சுருங்கி 56 சென்டிமீட்டருக்கு வந்துவிடுகிறது. இந்தச் சக்கரங்களின் உள்ளமைப்பு என்று இன்று பலர் வரையும் படங்களில் எடைகள் விளிம்பிலிருந்து ஆரவழியே நழுவி விழுவது போலக் காட்டுகிறார்கள். காகிதத்தில் சக்கரம் நின்றபடி இருப்பதால் அது சரியாகத் தோன்றுகிறது. 26 சுற்றில் அந்த அமைப்பு ஊமையாகிவிடும்.

பள்ளி ஆய்வகத்தில் இதைக் கண்முன்னே காட்ட முடியும். செலவும் அதிகமில்லை. 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 60 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் 6202 பேரிங், அதற்கு 15 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி அச்சு. வட்டத்தின் மேல் எட்டுத் தடங்கள்: மையத்திலிருந்து 12 சென்டிமீட்டரில் தொடங்கி விளிம்பு வரை, ஆரத்துக்கு 30 டிகிரி சாய்வாக, வெளிமுனை சுழலும் திசையில் முந்தி நிற்கும்படி. ஒவ்வொரு தடத்துக்கும் இரண்டு ரீப்பர் துண்டுகள், நடுவே 28 மில்லிமீட்டர் இடைவெளி, உயரமும் அதே அளவு. இரு முனையிலும் மரத்துண்டு வைத்து அடைத்துவிடுங்கள். தடத்துக்கு ஒன்றாக 25 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு போடுங்கள். ஒன்று சுமார் 64 கிராம் இருக்கும். மேலே தெளிவான அக்ரிலிக் ஷீட்டைத் திருகிவிட்டால் குண்டு ஓடுவது வெளியிலிருந்தே தெரியும்.

கையால் மெதுவாகச் சுழற்றினால் ஒரு சுற்றுக்கு எட்டு ஓசை கேட்காது, பதினாறு கேட்கும். ஒவ்வொரு குண்டும் ஒரு சுற்றில் இரண்டு முறை நகர்கிறது. இறங்கும் பக்கத்தில் வெளிமுனையில் ஒரு மோதல், ஏறும் பக்கத்தில் உள்முனையில் இன்னொரு மோதல். இப்போது எட்டு உள்முனைகளிலும் பழைய சைக்கிள் ட்யூபில் வெட்டிய இரண்டு அடுக்கு ரப்பரை ஒட்டுங்கள். ஏறும் பக்கத்து ஓசை அமுங்கிவிடும். மிஞ்சுவது சுற்றுக்கு எட்டு, எல்லாம் இறங்கும் பக்கத்தில். ஃபிஷர் எழுதியது அப்படியே காதில் விழும். இந்தச் சக்கரமோ கையை எடுத்தால் நின்றுவிடுகிற சக்கரம். ஓசையின் எண்ணிக்கையை வைத்து உள்ளே எட்டு எடைகள்தான் இருந்தன என்று முடிவு கட்டுகிறவர்களுக்கும் இதுவே பதில். இரு முனையிலும் ஒலிக்கும் நான்கு எடைகளும் எட்டு ஓசை தரும், ஒரு முனையில் மட்டும் ஒலிக்கும் எட்டு எடைகளும் எட்டு ஓசைதான் தரும். ஓசை எந்தப் பக்கம் வருகிறது என்று கவனித்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். ஃபிஷர் பக்கத்தையும் குறித்து வைத்தது அதனால்தான் மதிப்பு மிக்கது.

அடுத்து வேகத்தைக் கூட்டுங்கள். விநாடிக்கு ஒரு சுற்றை ஒட்டி வரும்போது ஓசை தடுமாறி, பிறகு ஒரேயடியாக நின்றுவிடும். குண்டுகள் எல்லாம் வெளிமுனையில் ஒட்டிக்கொண்டு சுற்றுவதை ஷீட் வழியாகப் பார்க்கலாம். வேகம் குறைந்ததும் மறுபடி ‘தொப் தொப்’ தொடங்கும், கூடவே சக்கரம் சட்டென்று தளரும். மாணவர்களுக்கு இந்த இடத்தை நிறுத்தி நிதானமாகக் காட்ட வேண்டும். ஓசை இல்லாதபோது சக்கரம் சுகமாக ஓடுகிறது. ஓசை வந்ததும் வேகம் இறங்குகிறது. விழும் எடை சக்கரத்தை ஓட்டுகிறது என்ற எண்ணத்துக்கு நேர் எதிரான காட்சி இது.

கணக்கும் ஒத்துவரும். வட்டமும் குண்டுகளும் சேர்ந்து 30 சுற்று வேகத்தில் வைத்திருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 0.6 ஜூல். ஒவ்வொரு நகர்விலும் குண்டு சராசரியாக ஆறு சென்டிமீட்டர் உயரத்தை இழக்கிறது என்று எடுத்துக்கொண்டால், பதினாறு நகர்வுக்கும் சேர்த்து அதே 0.6 ஜூல். அதனால்தான் அந்த வேகத்தில் விட்ட சக்கரம் ஓரிரு சுற்றில் நின்றுவிடுகிறது. ரப்பர் ஒட்டி ஓசையை அமுக்கினாலும் இழப்பு குறையாது. ஆற்றல் ரப்பரின் வெப்பமாகப் போகும். சத்தம் குறைந்ததால் நஷ்டம் குறைந்தது என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க, குண்டுகளை உள்முனையில் டேப் போட்டு ஒட்டிவிட்டு அதே வேகத்தில் விடுங்கள். எடை அதேதான், ஆனால் பல சுற்று ஓடும்.

செய்யும்போது தவறு நேரும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் மூடி போட்ட பேரிங் வாங்கினால் அதன் கிரீஸ் இழுவையே சக்கரத்தை நிறுத்திவிடும், ஒப்பீடு கெட்டுப்போகும். தகர மூடி போட்டதை வாங்கி, மண்ணெண்ணெயில் கிரீஸைக் கழுவிவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். குண்டு போடுவதற்கு முன் வெறும் வட்டத்தைச் சமன் பார்க்க வேண்டும். எப்போதும் ஒரே இடம் கீழே வந்து நின்றால் அதற்கு எதிர்ப்பக்கத்தில் களிமண் ஒட்டுங்கள். எந்த இடத்திலும் நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். அக்ரிலிக் ஷீட்டை இறுக்கித் திருகினால் குண்டு உரசித் தாமதமாக இறங்கும். ஓசை கீழ்நோக்கித் தள்ளிப்போவதை வைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம். மரத்தில் எஃகு மோதும்போது ஒருமுறை துள்ளி இரட்டை ஓசை தருவதும் உண்டு. எண்ணுகிறவர் அதை இன்னொரு எடை என்று எடுத்துக்கொள்வார்.

காதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஒரு செல்பேசியைச் சக்கரத்திலிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளி, தாங்கியைத் தொடாத தனி மேசையில் வைத்துப் பதிவு செய்யுங்கள். தாங்கியின் மேலேயே வைத்தால் அதன் அதிர்வு எல்லாவற்றையும் மூடிவிடும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்தால் ஒவ்வொரு மோதலும் தனிக் கூர்முனையாகத் தெரியும். 30 சுற்றில் எட்டு ஓசைக்கு இடைவெளி 0.25 விநாடி இருக்க வேண்டும். துள்ளலால் வரும் இரண்டாம் ஓசை முதல் கூர்முனையை மிக நெருங்கி, சிறிதாக நிற்கும். அதை எளிதில் கழித்துவிடலாம். இடைவெளிகள் ஒன்றுபோல் இல்லாமல் சுற்றுக்கு ஒருமுறை நீண்டு குறுகினால் சக்கரம் சமனில் இல்லை, அல்லது சுழற்றும் கை ஒருபுறம் அழுத்துகிறது. கைப்பிடியால் சுற்றும் மனிதக் கை சுற்றின் எல்லாப் பாகத்திலும் ஒரே விசை தருவதில்லை. ஆனால் பெஸ்லரின் சக்கரம் போலப் பெரிய, கனமான சக்கரம் அந்த ஏற்ற இறக்கத்தை விழுங்கிவிடும். ஃபிஷர் கடிகாரத்தில் கண்ட சீரான வேகத்தால் மட்டும் மறைவான கையை மறுத்துவிட முடியாது என்று சொல்வது இதனால்தான்.

பழைய சக்கரங்கள் எல்லாம் ஓசை எழுப்பியவை அல்ல. 1150-ல் பாஸ்கராச்சாரியார் தம் சித்தாந்த சிரோமணியில் விவரித்தது, வளைந்த ஆரங்களின் உட்குழியில் பாதி பாதரசம் நிரப்பிய சக்கரம். அதில் மோதல் இல்லை, திரவம் வழிந்தோடுவது மட்டுமே. 13ஆம் நூற்றாண்டில் பிரான்சின் வில்லார் த ஓன்கூர் வரைந்ததில் விளிம்பைச் சுற்றி ஏழு சுத்திகள் கீலில் தொங்குகின்றன. அதைக் கட்டினால் ஒவ்வொரு சுத்தியும் புரண்டு விழும்போது பட்டறைச் சத்தம் கேட்கும். சத்தம் போடுவதும் போடாததும் எடை எப்படி இடம் மாறுகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டும் நிற்கிற காரணம் ஒன்றே. இறங்கும் பக்கத்தில் எடைகள் மையத்திலிருந்து தள்ளி நிற்கின்றன, ஆனால் எண்ணிக்கையில் குறைவு. ஏறும் பக்கத்தில் மையத்தை ஒட்டி நிற்கின்றன, ஆனால் அதிகம். திருப்புத்திறனைக் கூட்டிப் பார்த்தால் இரு பக்கமும் சமமாகிவிடும், பிறகு உராய்வும் மோதலும் மிச்சத்தைத் தின்றுவிடும். அக்ரிலிக் ஷீட் வழியாகக் குண்டுகளை எண்ணினாலே இது தெரியும்.

கட்டுரையில் இன்னொரு திருத்தமும் தேவை. காசெல் சோதனையில் சக்கரம் 54 நாள் யாரும் திறக்காத அறையில் ஓடியது என்று எழுதியிருந்தீர்கள். அறை பூட்டி முத்திரையிடப்பட்டது 1717 நவம்பர் 12-ல். நவம்பர் 26-ல் திறந்து பார்த்தார்கள், சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி முத்திரையிட்டு 1718 ஜனவரி 4-ல் திறந்தார்கள். ஆகவே அது இரண்டு தவணையாக நடந்த சோதனை. 26 சுற்று வேகத்தில் 54 நாளும் ஓடியிருந்தால் சுமார் இருபது லட்சம் சுற்று. சுற்றுக்கு எட்டு என்றால் ஒரு கோடியே அறுபது லட்சம் மோதல். நான்கு பவுண்டு எடை, ஒவ்வோர் எடையும் ஒரே இடத்தில் இருபது லட்சம் முறை மரப்பலகையில் விழுந்தால், அந்த இடம் குழிந்து, விழும் தூரம் கூடி, ஓசையின் தன்மையே மாறியிருக்க வேண்டும். மோதல் மிக மென்மையாக இருந்தால் மட்டுமே பலகை தாங்கியிருக்கும். ஃபிஷர் ‘மென்மையாக’ என்று எழுதியது இதோடு பொருந்துகிறது. ஆனால் மென்மையான மோதல் என்றால் விழுந்த உயரமும் குறைவு. அப்படியானால், ஆர்க்கிமிடீஸ் திருகில் தண்ணீர் இறைக்கும் அளவுக்கு அந்த எடைகளிலிருந்து மட்டும் விசை வந்தது என்று சொல்வது இன்னும் கடினமாகிறது. சக்கரத்தை முழுமையாக நம்புகிறவர்கள் பதில் தேட வேண்டியது இந்தக் கேள்விக்குத்தான்.

இரண்டு திருத்தங்களையும் வெளியிட்டால், கட்டுரையைப் படித்துவிட்டு இப்படி ஒரு சக்கரத்தைச் செய்து பார்க்க முனையும் மாணவர்களுக்கு உதவியாக இருக்கும். ஃபிஷரின் வாக்குமூலத்தை ‘ஏறத்தாழ எட்டு’, ‘மென்மையாக’, ‘திரும்பும் பக்கத்தில்’ என்ற மூன்றையும் சேர்த்தே அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்,
கோவில்பட்டி